மருதையாற்றுப் பாலமும் ஒரு ராஜினாமாக் கடிதமும்

மலர்க் குழுவில் இருக்கும் நண்பர் போன் செய்து, கல்லூரி நாட்களைப் பற்றி நாலு பக்கம் எழுதிக் கொடுங்க, விட மாட்டோம் என்று சொல்லிவிட்டார். கேன்டீன் டீயைப் பற்றியும் விடுதிச் சாம்பாரைப் பற்றியும் மற்ற நண்பர்கள் என்னைவிட நன்றாக எழுதுவார்கள். ஆகவே நான் வேறொரு பழைய மாணவரைப் பற்றி எழுத அனுமதி வேண்டுகிறேன். அவர் நம் கல்லூரியில் படித்தவர் அல்ல. காசியில் படித்தவர். வாங்கிய பட்டமே பெயராக ஒட்டிக்கொண்டவர். அவர்தான் லால் பகதூர் சாஸ்திரி.

அவருக்கும் நமக்கும் என்னங்க சம்பந்தம் என்று இன்றைய மாணவத் தம்பி தங்கைகள் கேட்கலாம். நம்மில் பாதிப்பேர் அந்தச் சம்பந்தத்தின் மேலேயே ரயிலில் போய் வந்திருக்கிறோம். பெரம்பலூர்ப் பக்கத்துப் பையன்களுக்கு அன்றைக்கும் இன்றைக்கும் ரயில் என்றால் அரியலூர்தான். அரியலூரில் ஏறி திருச்சிப் பக்கம் போனால் கல்லகம் வருவதற்கு முன்னால் மருதையாற்றுப் பாலம். வருஷத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கிற ஆறு. சின்ன வயதில் அப்பாவோடு அந்த வழியாகப் போகும்போது, பாலம் வந்ததும் அவர் பேச்சை நிறுத்திவிடுவார். பெட்டியில் இருந்த பெரியவர்கள் சிலர் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ஏதோ கோயில் தாண்டுகிறது என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

பட்டம் பெயரான கதை

1904 அக்டோபர் 2-ஆம் தேதி, காசிக்குப் பக்கத்தில் உள்ள முகல்சராய் என்ற ரயில்வே ஊரில், தாய்வழிப் பாட்டனார் வீட்டில் பிறந்தார் லால் பகதூர். தந்தை சாரதா பிரசாத் பள்ளி ஆசிரியராக இருந்து, பிறகு அலகாபாத்தில் வருவாய்த்துறைக் குமாஸ்தா ஆனவர். பிள்ளைக்கு இரண்டு வயது நிரம்புவதற்குள் அவர் இறந்துபோனார். தாய் ராம்துலாரி தேவி பிள்ளைகளோடு பிறந்த வீட்டுக்கே திரும்பினார். அடுத்தவர் வீட்டுச் சோற்றில் வளரும் பிள்ளைக்கு வருகிற அடக்கமும், எதையும் தனக்கென்று கேட்டு வாங்காத குணமும் அவருக்கு அங்கே வந்தவை என்று நினைக்கிறேன். நம்மில் மாமன் வீட்டில் தங்கிப் படித்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

குடும்பப் பெயர் ஸ்ரீவாஸ்தவா. அது சாதியைக் காட்டுகிறது என்று இளமையிலேயே விட்டுவிட்டார். 1921-ல் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்க அழைப்பைக் கேட்டுப் பள்ளிப் படிப்பையும் விட்டார். பரீட்சைக்குக் கொஞ்ச நாளே பாக்கி இருந்த நேரம் அது. பிறகு தேசியவாதிகள் காசியில் தொடங்கிய வித்யாபீடத்தில் சேர்ந்து, 1925-ல் தத்துவமும் அறவியலும் படித்துத் தேறினார். அந்தக் கல்லூரி கொடுத்த பட்டத்தின் பெயர்தான் சாஸ்திரி. நம்ம ஊரில் பலர் அதைச் சாதிப் பெயர் என்றே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நாம் பி.ஏ. என்று போட்டுக்கொள்வது மாதிரிதாங்க அது. சாதிப் பெயர் போன இடத்தில் படிப்பின் பெயர் வந்து உட்கார்ந்தது.

லாலா லஜபதி ராய் நிறுவிய மக்கள் ஊழியர் சங்கத்தில் சேர்ந்து, தாழ்த்தப்பட்ட மக்களுக்காக உழைத்தார். 1928-ல் லலிதா தேவியை மணந்தார். சீதனமாக ஒரு ராட்டையும் கொஞ்சம் கதரும் மட்டும் பெற்றுக்கொண்டார். விடுதலைப் போரில் பலமுறை சிறை சென்றார். எல்லாம் சேர்த்துக் கூட்டினால் ஏழு ஆண்டுகளுக்குக் குறையாது. சிறையில் மேல்நாட்டுத் தத்துவ நூல்களைப் படித்தார். மேரி கியூரி அம்மையாரின் வாழ்க்கையை இந்தியில் எழுதினார். ஒரு முறை மகள் நோயுற்றபோது 15 நாள் பரோலில் வந்தார். குழந்தை இறந்துவிட்டது. காரியங்கள் முடிந்ததும், நாள் பாக்கி இருக்கும்போதே சிறைக்குத் திரும்பிவிட்டார். எதற்காக விட்டார்களோ அந்தக் காரியம் முடிந்துவிட்டது என்பது அவர் கணக்கு. இந்தச் செய்தியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அரியலூரில் அவர் செய்ததும் இதே கணக்குதான்.

1956 நவம்பர் 23

விடுதலைக்குப் பின் உத்தரப் பிரதேசத்தில் போலீஸ், போக்குவரத்து அமைச்சராக இருந்தார். பஸ்களில் பெண் கண்டக்டர்களை நியமித்தவர், கூட்டத்தைக் கலைக்கத் தடியடிக்குப் பதிலாகத் தண்ணீர் பீய்ச்சச் சொன்னவர் என்று பெயர் எடுத்தார். 1952-ல் நேருவின் அமைச்சரவையில் ரயில்வே, போக்குவரத்து அமைச்சரானார். மூன்றாம் வகுப்புப் பெட்டியில் மின்விசிறி சுழன்றது அவர் காலத்தில்தான் என்பார்கள்.

1956 செப்டம்பர் தொடக்கத்தில், ஹைதராபாத் பக்கம் மகபூப்நகர் அருகே ஒரு பாலம் இடிந்து ரயில் விழுந்து 100 பேருக்கு மேல் இறந்தார்கள். சாஸ்திரி ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். நேரு ஏற்கவில்லை. மூன்று மாதம் கூட முடியவில்லை. நம்ம ஊர்ப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை கொட்டித் தீர்த்தது. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போன எக்ஸ்பிரஸ், நவம்பர் 23 விடியற்காலை அரியலூரைத் தாண்டி மருதையாற்றுக்கு வந்தது. வெள்ளம் பாலத்தை ஒட்டிய கரையை அரித்துவிட்டிருந்தது. எஞ்சினும் அதை அடுத்த பெட்டிகளும் வெள்ளத்தில் விழுந்தன. இறந்தவர்கள் 140 பேருக்கு மேல்.

எங்கள் கிராமம் அந்த ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. அப்பாவுக்கு அப்போது இருபது வயது. கயிறும் கட்டிலுமாக ஊர் ஜனங்கள் ஓடினார்களாம். அப்பா அதற்கு மேல் சொல்ல மாட்டார். ரயில் பாலத்தில் ஏறியதும் அவர் பேச்சு நின்றுபோவதன் காரணத்தைப் பிற்பாடு அம்மாதான் சொன்னார்.

டெல்லியில் சாஸ்திரி மறுபடி கடிதம் எழுதினார். இந்தத் தடவை விடாப்பிடியாக நின்றார். அவரை விடக் கூடாது என்று எம்.பி.க்கள் பலர் நேருவிடம் சொல்லிப் பார்த்தார்கள். நேரு கடைசியில் ஏற்றுக்கொண்டார். சாஸ்திரி தவறு செய்தார் என்பதற்காக இல்லை, பொறுப்பு என்பது என்ன என்று ஒரு முன்மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காகவே ஏற்கிறேன் என்ற பொருளில் நாடாளுமன்றத்தில் விளக்கினார். டிசம்பரில் ஜகஜீவன் ராம் ரயில்வே அமைச்சரானார்.

துணை அமைச்சராக இருந்தவர் செங்கற்பட்டுக்காரர் ஓ.வி. அழகேசன். அவரும் ராஜினாமா செய்ய முன்வந்தார். ஆனால் 1957 தேர்தலில் எதிர்க்கட்சிக்காரர்கள் அரியலூரையும் அவர் பெயரையும் எதுகை மோனையாகச் சேர்த்து முழக்கம் போட்டார்கள். அவர் தோற்றார். ஒரே விபத்து ஒருவருக்குப் புகழையும் இன்னொருவருக்கு ஏச்சையும் கொடுத்தது. அரசியல் எப்போதும் தராசு பிடித்து நிறுப்பதில்லை.

ஐரோப்பாவின் புத்தகத்தில் நம்ம ஊர்

கல்லூரி முடித்து, தேர்வாணையப் பரீட்சை எழுதி, அரசு வேலையில் சேர்ந்தேன். பத்து வருஷம் கழித்துப் பொது நிர்வாகவியலில் பகுதி நேர ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தேன். ஐரோப்பிய நாடுகளில் அமைச்சர் பொறுப்பு என்பது என் தலைப்பு. எந்த ஊர் தம்பி என்று வழிகாட்டிப் பேராசிரியர் கேட்டார். அரியலூர்ப் பக்கம் என்றேன். அப்புறம் என்னத்துக்கு லண்டனில் தேடுகிறாய் என்று சிரித்தார்.

ஆனாலும் லண்டனில் தேட வேண்டித்தான் இருந்தது. அமைச்சரின் துறையில் எது நடந்தாலும் அமைச்சரே நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற வழக்கம் பிரிட்டனில் வளர்ந்தது. 1954-ல் அங்கே கிரிச்செல் டவுன் விவகாரம் என்று ஒன்று வந்தது. போருக்கு முன்னால் விமானப்படை குண்டு போட்டுப் பழக எடுத்துக்கொண்ட விவசாய நிலத்தை, போர் முடிந்ததும் பழைய சொந்தக்காரருக்குத் திருப்பித் தராமல் அதிகாரிகள் இழுத்தடித்தார்கள். விசாரணையில் உண்மை வெளிவந்தது. விவசாய அமைச்சர் சர் தாமஸ் டக்டேல் பதவி விலகினார். அதையொட்டி உள்துறை அமைச்சர் மேக்ஸ்வெல் ஃபைஃப் சில விதிகளைச் சொன்னார். அமைச்சர் உத்தரவுப்படி அதிகாரி செய்திருந்தால் அமைச்சர் அவரைக் காப்பாற்ற வேண்டும். சிறு தவறு என்றால் பொறுப்பை ஏற்றுத் திருத்த வேண்டும். அமைச்சருக்குத் தெரியாமல், அவர் ஒப்பாத காரியத்தை அதிகாரி செய்திருந்தால், அவரை ஆதரித்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லும் கடமை மட்டும் போகாது.

இந்த விதிகளை வைத்துப் பார்த்தால் சாஸ்திரி பதவி விலகியிருக்கவே வேண்டாம். மருதையாற்று வெள்ளம் அவர் உத்தரவில் வரவில்லை.

இன்னொரு கட்டுரை என்னைத் தூக்கிவாரிப் போட்டது. எஸ்.இ. ஃபைனர் என்ற பேராசிரியர் 1855 முதல் 1955 வரையிலான நூறு வருஷத்தை எடுத்து, தன் துறைத் தவறுக்காகப் பதவி விலகிய பிரிட்டிஷ் அமைச்சர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தார். வெறும் 20. அமைச்சர் இளகிய மனசுக்காரராகவும், பிரதமர் கண்டிப்பானவராகவும், சொந்தக் கட்சியே கூச்சல் போடுவதாகவும் இருந்தால்தான் ராஜினாமா நடக்கும் என்று முடிவு கட்டினார். கட்டுரை வெளிவந்த வருஷத்தைப் பார்த்தேன். 1956! அதே வருஷம் நம்ம ஆற்றங்கரையில் அந்தக் கணக்குக்கு அடங்காத ஒன்று நடந்திருக்கிறது. இங்கே பிரதமர் தயங்கினார், கட்சி வேண்டாம் என்றது, அமைச்சர் மட்டும் போகிறேன் என்றார்.

ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் வெபர் 1919-ல் முனிச் நகரில் ஆற்றிய உரையில், அதிகாரியின் பெருமை உத்தரவை ஒழுங்காக நிறைவேற்றுவதில் இருக்கிறது, அரசியல் தலைவனின் பெருமையோ தன் செயலுக்கான பொறுப்பை யார் தலையிலும் தள்ளிவிடாமல் இருப்பதில் இருக்கிறது என்று பிரித்துக் காட்டினார். 1999-ல் ஐரோப்பிய ஆணையத்தின் 20 உறுப்பினர்களும் ஒட்டுமொத்தமாகப் பதவி விலகினார்கள். அங்கே பொறுப்புணர்வு உள்ள ஒருவரைக் கண்டுபிடிப்பதே கஷ்டமாகி வருகிறது என்று நிபுணர் குழு எழுதியதுதான் காரணம். 2001-ல் போர்ச்சுகலில் டோரு ஆற்றுப் பாலம் இடிந்து பஸ் விழுந்து 59 பேர் இறந்தபோது, துறை அமைச்சர் ஜார்ஜ் கோயல்லோ உடனே விலகினார். 2023-ல் கிரேக்க நாட்டில் ரயில்கள் மோதி 57 பேர் இறந்த மறுநாள், போக்குவரத்து அமைச்சர் கரமன்லிஸ் விலகினார். இவற்றையெல்லாம் படிக்கும்போது எனக்கு மருதையாறுதான் ஞாபகம் வரும்.

கடிதத்துக்குப் பிறகு

ராஜினாமா செய்தால் பாலம் நின்றுவிடுமா என்று வகுப்பில் ஒரு மாணவி என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. நிற்காது. அதனால்தான் சாஸ்திரியின் பிற்கால வாழ்க்கையையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

1957-ல் அலகாபாத்தில் வென்று மறுபடி அமைச்சரானார். 1961-ல் உள்துறை வந்தது. அடுத்த ஆண்டு ஊழல் தடுப்புக்காக ஒரு குழுவை அமைத்தார். தலைவர் நம் தஞ்சைத் தரணியைச் சேர்ந்த கே. சந்தானம். அவரும் ஒரு காலத்தில் ரயில்வே அமைச்சராக இருந்தவர்தான். அந்தக் குழுவின் பரிந்துரையால் 1964-ல் மத்திய விஜிலன்ஸ் கமிஷன் பிறந்தது. 1963-ல் காமராஜர் திட்டப்படி பதவியை விட்டவர்களில் சாஸ்திரியும் ஒருவர். நேரு மறைந்தபின் 1964 ஜூன் 9-ல் பிரதமரானார். 1966 ஜனவரி 5-ல் மொரார்ஜி தேசாய் தலைமையில் நிர்வாகச் சீர்திருத்தக் கமிஷன் அமைந்தது. அந்தக் கமிஷன்தான் 1809 முதல் ஸ்வீடனில் உள்ள குறைகேள் அதிகாரி முறையைப் பார்த்து, லோக்பால் வேண்டும் என்று பரிந்துரைத்தது. சட்டம் வர 2013 ஆயிற்று. நம் மாநில லோக் ஆயுக்தா சட்டம் 2018-ல் வந்தது.

நம் மண்ணில் நின்றுகொண்டு அவரைப் புகழும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. 1963-ல் ஆட்சிமொழி மசோதாவை உள்துறை அமைச்சராகக் கொண்டுவந்தவர் சாஸ்திரி. இந்தித் திணிப்பை எதிர்த்து 1964 ஜனவரி 25-ல் திருச்சி ரயில் நிலையத்தில் தீக்குளித்த சின்னசாமி நம் கீழப்பழுவூர்க்காரர். 1965-ல் மாணவர் போராட்டம் வெடித்து, துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டபோது பிரதமர் சாஸ்திரிதான். தமிழகத்தின் மனக்கொதிப்பை அவர் காலத்தில் உணரவில்லை என்பது என் கருத்து. பிப்ரவரி 11-ல் மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் அழகேசனும் ராஜினாமா கொடுத்தார்கள். ஆமாங்க, அதே அழகேசன்! அன்றிரவே சாஸ்திரி வானொலியில், இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும் வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று உறுதி சொன்னார். ராஜினாமாவின் வலு என்ன என்று தெரிந்த மனிதரிடம் ராஜினாமா வந்து சேர்ந்தது.

பஞ்ச காலத்தில் வாரம் ஒரு வேளை உணவை விடச் சொன்னார், முதலில் தன் வீட்டு அடுப்பை அணைத்துவிட்டு. இந்திய உணவுக் கழகம் 1965 பொங்கலன்று பிறந்தது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். சி. சுப்பிரமணியத்துக்கு அவர் கொடுத்த ஆதரவில்தான் பசுமைப் புரட்சிக்கு விதை விழுந்தது. 1965 போருக்குப் பின் தாஷ்கண்டில் 1966 ஜனவரி 10-ல் பாகிஸ்தானோடு ஒப்பந்தம் செய்து, அன்று நள்ளிரவுக்குப் பின் அங்கேயே காலமானார். பாரத ரத்னா விருது மறைவுக்குப் பின் முதன்முதலாக வழங்கப்பட்டது அவருக்குத்தான். அவர் விட்டுச் சென்றது ஃபியட் கார் வாங்கப் பட்ட பேங்க் கடன். மனைவி லலிதா அம்மையார் தம் பென்ஷனிலிருந்து அதை அடைத்தார்.

என் கணக்கு

இதை எழுத எனக்குத் தகுதி உண்டா என்று இரண்டு வாரம் யோசித்தேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பணியில் இருந்தபோது ஒரு அலுவலகத்தில் உதவித்தொகைப் பட்டியலுக்கு நான் கையெழுத்து அதிகாரி. மாதக் கடைசி நெருக்கடியில், உதவியாளர் வைத்த ஃபைலைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். ஒரு விதவை அம்மாவின் பெயர் விட்டுப்போய், எட்டு மாதம் அவருக்குப் பணம் போகவில்லை. மனு மேலே போய் விளக்கம் கேட்டார்கள். உதவியாளர் தவறாகக் குறிப்பு வைத்துவிட்டார் என்று எழுதினேன். எழுத்துக்கு எழுத்து அது உண்மைதான். அவருக்கு 17-பி குற்றச்சாட்டு மெமோ வந்தது. பதவி உயர்வு போயிற்று. எனக்கு அடுத்த வருஷமே உயர்வு வந்தது. அந்த வாரம்தான் ஃபைனரின் கட்டுரையை இரவு உட்கார்ந்து படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். பொறுப்பைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவன் பகலில் செய்த காரியம் அது.

ஓய்வு பெற்றபின் அந்த உதவியாளரின் வீட்டைத் தேடிப் போனேன். தவறு என் பேரில்தான் என்று சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அவர் வீட்டம்மா காப்பி கொடுத்தார். வரும்போது அவர் பஸ் ஸ்டாப் வரை கூட வந்தார். மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற உரிமை எனக்கு இல்லை. அந்த விதவை அம்மாவைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. அவர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

தம்பிகளே, தங்கைகளே! உங்களில் பலர் நாளை தாசில்தாராக, எஞ்சினியராக, தலைமை ஆசிரியராக ஏதாவது ஒரு நாற்காலியில் உட்காரப் போகிறீர்கள். உங்களுக்குக் கீழே உள்ளவர் செய்த பிழை ஒரு நாள் உங்கள் மேஜைக்கு வரும். எல்லாரும் ராஜினாமா செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விளக்கக் கடிதத்தின் முதல் வரியில் உங்கள் பெயரை எழுதுங்கள், அது போதும். அடுத்த வரியில் எதைச் சரி செய்யப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். சாஸ்திரியின் வாழ்க்கையில் இந்த இரண்டு வரிகளும் இருந்தன.

அரியலூர் தனி மாவட்டமாக இப்போதுள்ள வடிவில் தொடங்கிய நாள் 2007 நவம்பர் 23. விபத்து நடந்த அதே தேதி. தற்செயல்தான். ஆனாலும் மாவட்டத்தின் பிறந்த நாளைக் கொண்டாடும்போது, ஆற்றோடு போனவர்களையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளலாம் இல்லையா?

இந்தச் சந்திப்புக்கு வெளியூரிலிருந்து ரயிலில் வருகிற நண்பர்கள், பாலம் வரும்போது கொஞ்சம் ஜன்னலோரம் உட்காருங்கள். நான் அரியலூர் ஸ்டேஷனில் காத்திருப்பேன். நம் கல்லூரி வாழ்க, வளர்க!